டெக்சாஸில் நிலம் வாங்கினால் மாடு வாங்க வேண்டியதில்லை: வைல்ட்லைஃப் வரிமதிப்பு எடுப்பது எப்படி

ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது ஊருக்கு வெளியே பத்து இருபது ஏக்கர் வாங்கிப் போடுகிறார்கள். பத்திரம் முடிந்த மறுவாரமே எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏஜி எக்ஸம்ப்ஷன் (விவசாய நிலத்துக்கான வரிச் சலுகை) போய்விடாமல் இருக்க நாலு மாடு வாங்கி விடணுமா?" வேண்டாம். அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் பறவைகளையும் மான்களையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதே வரிச் சலுகை தொடரும், அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் "ஒழுங்காக" என்ற சொல்லுக்கு அங்கே பெரிய அர்த்தம் உண்டு. நிலத்தைச் சும்மா போட்டு வைத்துவிட்டு "பறவைகள் வருகின்றன" என்று எழுதிக் கொடுத்தால் நடக்காது.

நாங்கள் மத்திய டெக்சாஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் 22 ஏக்கர் வைத்திருக்கிறோம். மாட்டிலிருந்து வைல்ட்லைஃபுக்கு, அதாவது வனவிலங்குப் பராமரிப்புக்கு, மாற்றியவர்கள் நாங்கள், நடுவில் ஒரு தவறும் செய்தோம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம். எல்லோரும் எக்ஸம்ப்ஷன் என்கிறார்கள், உண்மையில் இது வரிவிலக்கு இல்லை, மதிப்பிடும் முறை. 1978இல் டெக்சாஸ் அரசியலமைப்பில் 1-டி-1 என்ற பிரிவு சேர்ந்தது. விவசாயத்தில் இருக்கும் நிலத்துக்குச் சந்தை விலையை வைத்து வரி போடாமல், அந்த நிலம் விவசாயத்தில் எவ்வளவு ஈட்டும் என்பதை வைத்துப் போட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அப்போது காட்டுயிர் அதில் வரவில்லை. அதனால் ஒரு வினோதம் நடந்தது: மாடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப்போன நிலத்தைப் புல் எழட்டும் என்று ஓய்வுக்கு விட்டவருக்கு வரி பல மடங்கு ஏறியது, மொட்டையாக்கியவருக்குக் குறைந்த வரியே தொடர்ந்தது. டெக்சாஸில் கிட்டத்தட்ட 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது, ஆக அங்கே காட்டுயிர் பிழைப்பதும் அழிவதும் நிலக்காரர் கையில்தான். 1995 நவம்பரில் 11ஆம் முன்மொழிவு என்று வாக்குச்சீட்டில் வைத்தார்கள், மக்கள் ஏற்றார்கள், வனவிலங்குப் பராமரிப்பும் விவசாயப் பயன்பாடாகவே எண்ணப்பட ஆரம்பித்தது.

கணக்கு புரிய ஒரு உதாரணம், எண்கள் நான் வைத்துக்கொண்டவை: 20 ஏக்கர், ஏக்கர் 20,000 டாலர், ஆக 4,00,000 டாலர். வரி விகிதம் 1.6 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6,400 டாலர். அதே நிலத்தை விளைச்சல் மதிப்பில் ஏக்கருக்கு 120 டாலர் என்று போட்டால் மொத்தம் 2,400, அதற்கு வரி 38 டாலர் சொச்சம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனதில் வையுங்கள். வைல்ட்லைஃபுக்கு மாறுவதால் வரி இன்னும் குறையாது. மாறுவதற்கு முன் நிலம் எந்த வகையில் இருந்ததோ, மேய்ச்சலோ புல்வயலோ, அந்த வகையின் மதிப்பே தொடரும். மாடும் வேலியும் இல்லாமல் அதே வரியில் இருக்கலாம் என்பதுதான் லாபம். நிலம் திரும்ப உயிர்ப்பது அதோடு சேர்ந்து வருவது, எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

நிலம் முந்தைய வருடம் 1-டி-1 விவசாய மதிப்பிலோ மர நில மதிப்பிலோ இருந்திருக்க வேண்டும். இது அடிப்படை. முழுச் சந்தை மதிப்பில் இருக்கும் நிலத்தை வாங்கி நேராக வைல்ட்லைஃப் கேட்க முடியாது. பொதுவாக முந்தைய ஏழு வருடங்களில் ஐந்து வருடம் விவசாயத்தில் இருந்ததைக் காட்டி முதலில் ஏஜி வாங்க வேண்டும், அப்புறம்தான் மாற முடியும். (5 முதல் 20 ஏக்கர் வரை உள்ளவர்கள் தேனீப் பெட்டி வைத்து அந்த ஐந்து வருடத்தை ஓட்டுவதுண்டு.) கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் நிலத்தின் எண்ணைப் போட்டால் சந்தை மதிப்பும் விளைச்சல் மதிப்பும் வருடவாரியாகத் தெரியும். விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் அதைப் பாருங்கள். நகர எல்லைக்குள் இருக்கும் நிலம் என்றால் விதிகள் இன்னும் கடுமை, அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பெரிய மாட்டுப் பண்ணையை (ராஞ்ச்) உடைத்து மனைகளாக விற்கும் இடங்களில்தான் நம்மவர்கள் அதிகம் வாங்குகிறார்கள், அங்கேதான் சிக்கலும். முந்தைய வருடம் இருந்த அதே அளவில் நிலம் இருந்தால் குறைந்தபட்ச ஏக்கர் என்று எதுவும் கிடையாது. ஆனால் பெரிய நிலத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்றால் ஒரு விகிதம் பார்ப்பார்கள்: மொத்த ஏக்கரில் ஒன்றைக் கழித்து, மொத்த ஏக்கரால் வகுக்க வேண்டும். 20 ஏக்கருக்கு 19ஐ 20ஆல் வகுத்தால் 0.95. உங்கள் கவுன்ட்டியில் குறைந்தபட்சம் 0.92 என்று வைத்திருந்தால் 12.5 ஏக்கர் தேறும், 12 ஏக்கர் தேறாது. அரை ஏக்கரில் வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர் போகிற விஷயம் இது. அழியும் நிலையில் உள்ள உயிரினம் நிலத்தில் இருந்தாலோ, பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து வனவிலங்குச் சங்கமாகப் பதிந்திருந்தாலோ விகிதம் கொஞ்சம் தளர்வாக இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: வாங்கிய முதல் வருடம் பக்கத்துக்காரர் மாட்டை மேயவிட்டு ஏஜியிலேயே வைத்திருந்து, நில அளவு மாறாத அடுத்த வருடத்தில் மாறுவது. எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தொலைபேசியிலேயே சொல்வார்கள்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாமல் ஹெச்-1பியில் இருந்துகொண்டு 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால், 1978ஆம் வருடத்து மத்திய சட்டம் ஒன்றின்படி ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சியில் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தை 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். அது மட்டுமில்லை, அப்படிப் பதிய வேண்டிய நிலையில் இருக்கும் 'நான்ரெசிடென்ட் ஏலியன்' (இங்கே வசிக்காத வெளிநாட்டவர்) ஒருவரின் நிலத்துக்கு 1-டி-1 மதிப்பே கிடையாது என்று டெக்சாஸ் வரிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா என்பதை வரி தெரிந்த வக்கீலிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பத்திரத்துக்குப் போங்கள். இந்தச் சட்டம் இருப்பதே தெரியாமல் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தவறு

நாங்கள் வாங்கும்போது எங்கள் ரியல்டர் சொன்னது இது: "ஏஜி நிலத்தோடு வரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்." நம்பினோம். உண்மையில் உரிமையாளர் மாறினால் புதியவர் தன் பெயரில் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மதிப்பு விழுந்துவிடும். மே மாத நடுவில் மதிப்பீட்டுக் கடிதம் வந்தது. என் மனைவிதான் உறையைப் பிரித்தாள், முழுச் சந்தை விலையைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். ஏப்ரல் 30 தாண்டியிருந்தது. நல்லவேளை, மதிப்பீட்டுப் பட்டியலை மறுஆய்வு வாரியம் அங்கீகரிப்பதற்கு முன்வரை தாமத விண்ணப்பம் ஏற்பார்கள். மிச்சமாகும் வரியில் 10 சதவீதத்தை அபராதமாகக் கட்டித் தப்பித்தோம். அதற்கும் பிந்தியிருந்தால் அந்த வருட முழு வரியும் போயிருக்கும்.

ஆகவே தேதி: ஜனவரி 1க்குப் பிறகு, மே 1க்கு முன். படிவம் 50-129. அதைக் கொடுக்க வேண்டிய இடம் உங்கள் கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகம், காட்டுயிரைக் கவனிக்கும் மாநில அரசின் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை இல்லை. அனுமதி தருவதும் மறுப்பதும் மதிப்பீட்டு அலுவலர்தான். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள், தபால் என்றால் சர்ட்டிஃபைட் மெயில்.

ஏழில் மூன்று

சட்டம் ஏழு வேலைகளைப் பட்டியலிடுகிறது: வாழிடத்தைச் சீர்செய்வது, மண் அரிப்பைத் தடுப்பது, கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துவது, கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு, கூடு மற்றும் ஒதுங்க இடம், கணக்கெடுப்பு. இதில் குறைந்தது மூன்றை ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டும். நான் சொல்வது, ஐந்துக்குத் திட்டம் போடுங்கள். ஒரு வருடம் வறட்சியோ உடல்நிலையோ ஒன்றைக் கெடுத்தாலும் மூன்று நிற்கும்.

எந்த உயிருக்காகச் செய்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். அது இந்த மண்ணின் உயிராக இருக்க வேண்டும், அங்கே இனப்பெருக்கம் செய்வதோ வலசை வருவதோ குளிர்காலம் கழிப்பதோ ஏதாவது ஒன்றாக இருக்கலாம். ஹில் கன்ட்ரியில் மாலையில் வேலி ஓரம் புள்ளிமான் கூட்டம் நிற்பதைப் பார்த்தால் நமக்கு முதுமலை ஞாபகம் வந்து மனசு இளகிவிடும். நம் ஊர் புள்ளிமானேதான், 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், அங்கே பெயர் ஆக்சிஸ். ஆனால் அது கணக்கில் வராது. தெற்கே திரியும் நீலகாய்க்கும் அதே கதி. வெண்வால் மான் வரும், வான்கோழி வரும், பாப்வைட் காடை வரும், பாடும் பறவைகள் வரும். சிறிய நிலத்துக்குப் பாடும் பறவைகள்தான் பொருத்தம், மான் 22 ஏக்கரில் அடங்கி நிற்காது. துப்பாக்கியைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. "மனிதப் பயன்" என்று சட்டம் கேட்பதில் பறவை பார்ப்பதும் படம் எடுப்பதும் சேரும்.

கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள், காசு செலவில்லாத வேலை. நிலத்தில் ஐந்து இடங்களில் கல் நட்டு எண் போட்டு வைத்திருக்கிறோம். ஜனவரியில் ஒரு முறை, மே மாதத்தில் இரண்டு முறை, சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்தில் போய் ஒவ்வொரு கல்லிலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்பது. கேட்டதும் பார்த்ததும் நோட்டில். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "கல் 3, காலை 6:52, 64 டிகிரி, காற்றில்லை, கார்டினல் 2, பியூயிக் ரென் 1 பாடுகிறது, பெயின்டட் பன்டிங் ஆண் 1 சீடர் மரத்து உச்சியில்." அவ்வளவுதான். பறவை தெரியாதவர்கள் மெர்லின் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் நீங்கள் கண்ணால் உறுதிசெய்யாததை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பெயின்டட் பன்டிங்கை ஒரு தடவை பார்த்துவிட்டால் உங்களுக்குச் செயலி தேவைப்படாது: நீலத் தலை, சிவப்பு வயிறு, பச்சை முதுகு, ஒரு சிட்டுக்குருவி அளவுக்குள் இத்தனையும்.

தண்ணீர் அடுத்தது. பழைய மாட்டுத் தொட்டி இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் அப்படியே விடாதீர்கள். எங்கள் தொட்டியில் முதல் கோடையில் இரண்டு குருவிகள் மிதந்தன. தண்ணீர் விளிம்புக்குக் கீழே இறங்கியதும் குடிக்க வந்தவை உள்ளே விழுந்திருக்கின்றன, ஏற வழியில்லை. அன்றே கல்லை அடுக்கி அடியிலிருந்து விளிம்புவரை ஒரு சரிவு கட்டினேன். கம்பி வலையை வளைத்துச் சாய்த்து வைத்தாலும் போதும், ஆனால் அது தொட்டிச் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். பறவை சுவரை ஒட்டியே நீந்திச் சுற்றும், இடைவெளி இருந்தால் சரிவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இப்போது தொட்டியின் மிதவைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு நீர்ப்பாதை இழுத்து, தட்டையான பாறைக் குழியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தேங்க விட்டிருக்கிறோம். ஆகஸ்ட் மத்தியானத்தில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பார்க்கத்தான் நான் வேலையிலிருந்து வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்புகிறேன்.

ஒதுங்க இடம் என்பதற்கு வெட்டிய கிளைகளைக் குவித்து வைத்தாலே ஆகும், பெரியவை அடியில், சிறியவை மேலே. அதோடு கூடுப் பெட்டிகள். ஈஸ்டர்ன் புளூபேர்டுக்கு ஓட்டை ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் போனால் பெரிய பறவைகள் நுழைந்துவிடும். கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டுங்கள், இல்லாவிட்டால் மரமேறும் ராட் ஸ்னேக் பாம்பு முட்டையெல்லாம் தின்றுவிடும். வருடா வருடம் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, எந்தப் பெட்டியில் என்ன நடந்தது என்று குறித்துவையுங்கள்.

கொன்றுண்ணிக் கட்டுப்பாடு என்றதும் கொயோட் என்ற சிறு ஓநாயைச் சுட வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். இறக்குமதியான சிவப்பு நெருப்பெறும்பைக் கட்டுப்படுத்துவதும் அதில் வரும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகளை அவை உயிரோடு தின்கின்றன. நிலம் முழுக்க மருந்து தூவாதீர்கள், நாட்டு எறும்புகளும் போய்விடும். புற்று புற்றாகப் போடுங்கள், தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். இன்னொன்று கௌபேர்டு. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதைதான், ஆனால் கௌபேர்டு தன்னைவிடச் சிறிய பறவைகளின் கூட்டில் இட்டுவிடுகிறது, வீட்டுக்காரக் குஞ்சு பட்டினியில் சாகிறது. பிளாக்-கேப்டு வைரியோ என்ற சின்னப் பறவை 1987இல் அழியும் பட்டியலுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கௌபேர்டுகளைப் பிடித்ததும், நிலக்காரர்கள் புதர்களை அழிக்காமல் மேய்ச்சலைக் குறைத்ததும் சேர்ந்து 2018இல் அது பட்டியலிலிருந்து வெளியே வந்தது. தனி நிலத்தில் செய்யும் வேலைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கௌபேர்டுப் பொறி வைக்கத் துறையின் பயிற்சிச் சான்று வேண்டும், யாரையும் கேட்காமல் நீங்களே வைத்துவிடாதீர்கள்.

வாழிடம் சீர்செய்வதுதான் உண்மையான வேலை, முதுகு ஒடியும் வேலையும் அதுதான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சீடர் என்று சொல்லும் ஆஷ் ஜூனிபர், மேய்ச்சலால் புல் செத்த இடமெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும். அதை வெட்டி, சைடுஓட்ஸ் கிராமா, லிட்டில் புளூஸ்டெம் மாதிரி நாட்டுப் புல்லின் விதை தூவ வேண்டும். சிலர் புல்டோசரைக் கூப்பிட்டு ஒரே நாளில் எல்லாச் சீடரையும் தள்ளிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோல்டன்-சீக்டு வார்ப்ளர் என்று ஒரு பறவை, உலகத்திலேயே மத்திய டெக்சாஸில் மட்டும்தான் கூடு கட்டும். வயதான சீடர் மரத்தின் பட்டையை நார் நாராக உரித்து, சிலந்தி நூலால் ஒட்டித்தான் அதன் கூடு. இளம் சீடரில் அந்தப் பட்டை உரியாது. 1990 முதல் அது அழியும் பட்டியலில் இருக்கிறது. அது வாழும் காட்டை அழித்தால் வரிச் சலுகையைத் தாண்டி மத்திய சட்டமே குறுக்கே வரும். ஆகவே திறந்த புல்வெளியில் முளைத்த இளம் சீடரை எடுங்கள், ஓடைச் சரிவில் ஓக் மரங்களோடு கலந்து நிற்கும் கிழட்டு மரங்களைத் தொடாதீர்கள். வெட்டுவதை செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கூடுகள் கலையாது. ஓக் கிளை எதையும் பிப்ரவரி முதல் ஜூன் வரை வெட்டவே வேண்டாம், ஓக் வில்ட் நோய் பரவும் காலம் அது. மற்ற மாதங்களில் வெட்டினாலும் காயத்தில் உடனே பெயின்ட் அடியுங்கள்.

மண் அரிப்புக்கு ஓடைத் தடங்களில் கல்லும் கிளையும் குறுக்கே அடுக்குவது போதும், வெட்டிய சீடரே அதற்கு உதவும். உணவு போடுவதைக் கடைசியில் வையுங்கள். சோளம் கொட்டினால் காட்டுப்பன்றிதான் முதலில் வரும், நாட்டுப் புல்லும் புதரும் தரும் விதைக்கு ஈடாக எதையும் மூட்டையில் வாங்க முடியாது.

காகிதங்கள்

50-129 படிவத்தோடு ஒரு பராமரிப்புத் திட்டம் கொடுக்க வேண்டும். துறையே பிடபிள்யூடி 885 என்று படிவம் வைத்திருக்கிறது, அதை நிரப்பலாம். நீங்களே எழுதலாம், உயிரியலாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து எழுத வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் பகுதிக்கு எந்த வேலை எவ்வளவு செய்தால் போதும் என்று சூழல் மண்டலவாரியாகத் துறை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதை முதலில் படித்துவிட்டு எழுதுங்கள். ஹில் கன்ட்ரிக்கு எழுதியது கிழக்கு டெக்சாஸ் பைன் காட்டுக்கு ஆகாது. இணையத்தில் கிடைக்கும் வேறொருவர் திட்டத்தைப் பெயர் மாற்றிக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வரைபடம் ஒன்று வையுங்கள், மேலிருந்து எடுத்த படத்தில் தொட்டி, பெட்டிகள், கணக்கெடுப்புக் கற்கள், இந்த வருடம் சீடர் எடுக்கும் பகுதி எல்லாம் குறித்து. "பறவைகளுக்கு உதவுவோம்" என்று எழுதாமல் "பெட்டி 4, இடம் இது, பிப்ரவரியில் சுத்தம்" என்று எழுதுங்கள். வருட முடிவில் அறிக்கை கேட்கலாம், அதற்கு பிடபிள்யூடி 888. கேட்காவிட்டாலும் நான் கொடுத்துவிடுகிறேன். ஒரே இடத்தில் நின்று வருடா வருடம் எடுத்த படம், நாட்டு விதை வாங்கிய ரசீது, தேதியோடு நோட்டின் பக்கங்கள். அலுவலர் நிலத்துக்கே வந்து பார்க்கும் உரிமை உண்டு. வந்தவரை எங்கள் கல் 3க்கு அழைத்துப்போய் நோட்டைக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மறுத்தால் பதறாதீர்கள். கடிதம் வந்து 30 நாட்களுக்குள் மறுஆய்வு வாரியத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். கோப்பு கையில் இருப்பவருக்கு அங்கே நல்ல மரியாதை.

வீடு கட்டினால், விற்றால்

மாட்டிலிருந்து வைல்ட்லைஃபுக்கு மாறுவது பயன்பாட்டு மாற்றம் இல்லை, அதற்கு அபராத வரி கிடையாது. விவசாயத்தை விட்டே போனால்தான் ரோல்பேக் டாக்ஸ்: கடந்த மூன்று வருடங்களில் மிச்சப்படுத்திய வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு ஐந்து வருடமும் வட்டியும் இருந்தன. 2019இல் மூன்றாகக் குறைத்தார்கள், வட்டியும் பிறகு போய்விட்டது. மேலே சொன்ன உதாரண நிலத்துக்கு அது 19,000 டாலர் பக்கம் வரும். வீடு கட்டினால் வீடும் முற்றமும் இருக்கும் துண்டுக்கு மட்டுமே மாற்றம், முழு நிலத்துக்கும் இல்லை. அதனால் வீட்டுப் பகுதியை முதலிலேயே வரைபடத்தில் தனியாகக் குறித்துவிடுவது நல்லது. விற்கும்போது ரோல்பேக் வந்தால் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகப் போடுங்கள்.

கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் பற்றி

இதையும் கேட்கிறார்கள். நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் அதைத் துண்டு போடும் உரிமையையும் கட்டடம் எழுப்பும் உரிமையையும் நிரந்தரமாக ஒரு நில அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் நிலத்தின் விலை எவ்வளவு குறைகிறதோ அது நன்கொடையாகக் கருதப்பட்டு மத்திய வருமான வரியில் கழியும். வருட வருமானத்தில் 50 சதவீதம் வரை, வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்தில் ஈட்டுபவருக்கு 100 சதவீதம் வரை, மீதியை அடுத்த 15 வருடங்களுக்கு எடுத்துச் செல்லலாம். இந்த ஏற்பாட்டை 2015 டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். மூன்று லட்சம் டாலர் வருமானம் உள்ளவர் ஆறு லட்சம் மதிப்பில் ஈஸ்மென்ட் கொடுத்தால், வருடம் சுமார் ஒன்றரை லட்சமாக ஏறக்குறைய நான்கு வருடத்தில் கழித்து முடிப்பார்.

ஆனால் இது திரும்பப் பெற முடியாதது. உங்களுக்குப் பிறகு பிள்ளைகளையும், அவர்களிடம் வாங்குபவரையும், அவருக்குப் பின் வருபவரையும் கட்டும். மதிப்பீட்டை நன்கொடைக்கு 60 நாட்களுக்கும் மேல் முன்கூட்டியே எடுத்திருந்தால் செல்லாது. நிலத்தின் மேல் கடன் இருந்தால் வங்கி தன் உரிமையை ஈஸ்மென்ட்டுக்குக் கீழே வைக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். வரிக் கணக்கோடு 8283 படிவம் சேர வேண்டும். இதில் ஒரு தாள் குறைந்ததற்காக முழுக் கழிவையும் இழந்தவர்கள் உண்டு. மதிப்பீட்டாளர், வக்கீல், சர்வே, அறக்கட்டளையின் பராமரிப்பு நிதி என்று செலவும் பெரிது, அதனால் 20 ஏக்கர்க்காரர்களை நான் இதில் தள்ள மாட்டேன். பரம்பரையாக வைத்திருக்கப்போகும் பெரிய நிலம், நல்ல ஓடை, அரிய பறவை, பிள்ளைகளின் முழுச் சம்மதம், இத்தனையும் இருந்தால் யோசியுங்கள். இன்னொன்று, டெக்சாஸில் ஏற்கெனவே 1-டி-1இல் இருக்கும் நிலத்துக்கு ஈஸ்மென்ட் கொடுப்பதால் சொத்து வரி பெரிதாகக் குறையாது. மாநில வருமான வரியும் இங்கே இல்லை, ஆகவே வர்ஜீனியாவில் கிடைக்கும் 40 சதவீத மாநில வரிச் சலுகை போன்றதும் இல்லை.

நல்ல சம்பளத்தில் இருக்கும் டாக்டர்களுக்கும் ஐடிக்காரர்களுக்கும் இன்னொரு அழைப்பு வரும்: "எங்கோ ஒரு நிலத்தில் பங்கு போடுங்கள், போட்ட ஒரு டாலருக்கு நாலைந்து டாலர் கழிவு." சிண்டிகேட்டட் ஈஸ்மென்ட் என்பது அதுதான். வருமான வரித் துறை 2016 டிசம்பரிலேயே இதைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. 2022 டிசம்பர் சட்டம், கூட்டாளிகள் போட்ட முதலில் இரண்டரை மடங்கைத் தாண்டினால் கழிவே இல்லை என்று, குடும்பக் கூட்டு போன்ற சில விலக்குகளோடு, மூடிவிட்டது. நீங்கள் ஒருநாளும் கால் வைக்காத நிலத்துக்கு இப்படி யாராவது கழிவு விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் துறையின் உயிரியலாளர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார், அழைத்தால் நிலத்துக்கு வந்து இலவசமாக ஆலோசனை சொல்வார். மார்ச், ஏப்ரலில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைப்பார்கள், தேதி கிடைக்காது. அக்டோபரில் அழையுங்கள். அப்போது கூடுகள் காலியாக இருக்கும், சீடர் வெட்டும் பருவம் தொடங்கியிருக்கும், எந்த மரத்தை வைப்பது எதை எடுப்பது என்று அவரோடு நடந்தே ரிப்பன் கட்டிவிடலாம். நீல ரிப்பன் என்றால் வைக்க வேண்டியது, ஆரஞ்சு என்றால் எடுக்க வேண்டியது. இரண்டு சுருளையும் நீங்களே வாங்கி வைத்திருங்கள், அவர் கொண்டுவர மாட்டார்.